காட்டு மரத்துக்கும் காவலர் உண்டு



ஈப்போ நகரத்தை அறியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பேராக் மாநிலத்தின் தலைநகரம். ஈயச் சுரங்கங்களால் செழித்த ஊர். ஆனால், "ஈப்போ என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஊர் பேரு, சார்" என்றுதான் பதில் வரும். ஊர்ப் பெயர்தான், தவறில்லை. ஆயினும் ஊர் தோன்றுவதற்கு முன்னரே அது ஒரு மரத்தின் பெயராக இருந்தது. அந்த மரத்தின் பாலை அம்பு முனையில் தடவி வேட்டையாடிய மக்கள் அந்தக் காட்டில் வாழ்ந்தார்கள். ஊரின் பெயர் நமக்கு மனப்பாடம். மரத்தை மறந்தோம், மரத்தைக் காத்த மக்களையும் மறந்தோம்.

அந்த மக்களைத்தான் இன்று நாம் ஓராங் அஸ்லி என்று அழைக்கிறோம். 'ஆதிமக்கள்' என்பது இதன் பொருள். முற்காலத்தில் நம் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் 'சக்காய்' என்று சொல்வதுண்டு. அது இழிவான சொல். 1960-களிலேயே அரசாங்கம் அதைக் கைவிட்டு ஓராங் அஸ்லி என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. நாமும் அதை மறந்துவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நெகிரித்தோ, செனோய், மெலாயு புரோத்தோ என்னும் மூன்று பெரும் பிரிவுகளில் 18 இனத்தாராக, சுமார் இரண்டு லட்சம் பேர் இவர்கள் வாழ்கின்றனர்.

காடு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, தானாக முளைத்தது, யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று பலர் எண்ணுகிறோம். அது உண்மைதானா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

பால் கொடுக்கும் நஞ்சு மரம்

முதலில் ஈப்போ மரத்தையே எடுத்துக்கொள்வோம். நாற்பது மீட்டர் வரை உயரக்கூடிய பெருமரம் இது. பட்டையைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும். அவ்வளவு கொடிய நஞ்சு. தித்திவங்சா மலைத்தொடரில் வாழும் செமாய், தெமியார் மக்கள் இந்த நஞ்சைத் தடவிய சிறு அம்புகளை ஊதுகுழலில் வைத்து ஊதி, குரங்கு, அணில், பறவை முதலியவற்றை வேட்டையாடி வந்தார்கள்.

அந்த ஊதுகுழல் இருக்கிறதே, அதுவும் லேசுப்பட்டதல்ல. கணு இல்லாமல் ஆள் உயரத்துக்கு நீளும் ஒருவகை மூங்கில் வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்காது. உயர்ந்த மலை முகடுகளில் மட்டுமே வளரும். அம்பு செய்வதற்கு பெர்த்தாம் என்னும் பனைவகையின் மட்டை. நஞ்சுக்கு ஈப்போ மரம். ஒரே ஒரு கருவி. அதற்கு மூன்று தாவரங்கள்! எது எங்கே இருக்கிறது, எப்போது எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் அன்று வீட்டில் குழம்பு கொதிக்கும்.

பால் எடுக்கும் முறையைக் கேளுங்கள். மீன் முள்ளைப் போலப் பட்டையில் இருபுறமும் சரிவாகக் கோடு கீறுகிறார்கள். கீழே மூங்கில் குழாயைப் பொருத்தி, வடிகிற பாலைப் பிடிக்கிறார்கள். பிறகு அதை நெருப்பில் காட்டிக் கெட்டியாக்குகிறார்கள். "அட, இது நம்ம பால்மரம் வெட்டுற மாதிரி இல்ல இருக்கு!" என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? ஆமாம், அதே மாதிரிதான். ரப்பர் விதை இந்த நாட்டு மண்ணில் விழுவதற்கு முன்பே, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வித்தை இந்தக் காட்டில் இருந்தது.

மரம் வெட்டிப் பழகிய பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், பட்டை ஆறாது, நாளைக்குப் பால் இருக்காது. அதற்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்காதவர் யார்? ஈப்போ மரத்தைக் கீறியவருக்குக் கங்காணி இல்லை, கிராணி இல்லை. ஆனாலும் அவர் அளவாகத்தான் கீறினார். ஏனென்றால் அடுத்த முறையும் அவருக்கு அந்த மரம் வேண்டும். அவர் பிள்ளைக்கும் வேண்டும்.

காட்டுக்குள் ஒரு பழத்தோட்டம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போயிருக்கிறீர்களா? வழிநெடுக ஓராங் அஸ்லி மக்கள் சிறு குடில் போட்டுப் பெத்தாய்க் காயும், டுரியானும், தேனும், மூங்கிலும் விற்பதைக் காணலாம். "காட்டுல சும்மா கெடைக்கிறதப் பொறுக்கிட்டு வந்து விக்கிறாங்க" என்று சிலர் பேசிக்கொண்டு போவார்கள். இது அறியாமல் சொல்லும் பேச்சு.

செமாய் மக்களிடையே டுரியான் மரத்துக்கு உரிமையாளர் உண்டு. நட்டவர் இன்னார், அவருக்குப் பின் இன்னாருடைய பிள்ளைகள் என்று கணக்கு உண்டு. மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் அதில் உரிமை உண்டு. மலைச்சாரலில் காட்டைத் திருத்தி மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிடுவார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிலத்தை ஓயவிட்டு வேறிடம் போவார்கள். ஆனால் திருத்தும்போது பழமரங்களை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். குடியிருந்த இடத்தில் டுரியான், ரம்புத்தான், பெத்தாய் முதலியவை நிற்கும். வீடு மக்கிப் போகும், மரம் நிற்கும். பழக்காலம் வந்தால் குடும்பம் அங்கே திரும்பி வரும்.

வெளியாள் பார்த்தால் அது வெறும் காடு. உள்ளாள் பார்த்தால் அது தாத்தாவின் வீட்டுக் கொல்லை! இவ்வளவுதான் வித்தியாசம்.

ஓரிடத்தில் தங்காமல் காட்டில் திரியும் நெகிரித்தோ மக்களும் அவர்களை அறியாமலே மரம் வளர்த்தவர்கள்தாம். அவர்கள் தின்று போட்ட கொட்டைகள் பழைய தங்குமிடங்களில் முளைத்துப் பழமரங்களாக நிற்கின்றன.

இதில் நம்பிக்கையும் கலந்திருக்கிறது. தெமியார் மக்கள் மரத்துக்கும் மலைக்கும் உயிர் உண்டு என்று கருதுபவர்கள். ஆண்டுதோறும் பழுக்கும் மரங்களின் ஆவி கனவில் வந்து பாட்டுக் கற்றுக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படிக் கிடைத்த பாட்டை இரவு முழுதும் மூங்கில் தட்டிப் பாடுவார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்த மரத்தைக் கோடாலியால் வெட்ட யாருக்குக் கை வரும்? நம்மவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. தோட்டத்து எல்லையில் பெரிய மரத்தடியில் சூலம் நட்டு முனியாண்டி சாமியைக் கும்பிட்டவர்கள் நாம். அந்த மரத்தின் கிளையை ஒடிக்கக்கூட நம் தாத்தாமார் பயந்தார்கள் அல்லவா?

தாபான் மரத்துக்கு நேர்ந்த கதி

இப்படி அளவோடு எடுத்து வாழ்ந்த காட்டுக்கு ஒருநாள் உலகச் சந்தை வந்து சேர்ந்தது. அது சோகமான கதை. நமது வரலாற்றுப் பாடத்தில் ஈயமும் ரப்பரும் இருக்கும். இந்தக் கதைக்கு இடம் குறைவு.

தாபான் என்றொரு மரம். இதன் பாலை மலாய்க்காரர்கள் கெத்தா தாபான் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் கட்டா பெர்ச்சா என்றார்கள். வெந்நீரில் போட்டால் மெழுகாக இளகும்; ஆறினால் கெட்டியாகிவிடும். இந்நாட்டு மக்கள் இதைக் கொண்டு பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தார்கள். சாட்டை செய்தார்கள். தேவை சிறிது, எடுத்ததும் சிறிது.

சிங்கப்பூரில் இருந்த மோண்ட்கோமரி என்ற வைத்தியர் அந்தக் கத்திப் பிடியைக் கண்டு வியந்து, 1843-ஆம் ஆண்டு இலண்டனுக்கு மாதிரி அனுப்பினார். அதே ஆண்டில் டி அல்மெய்டா என்பவரும் அங்கே கொண்டுபோய்க் காட்டினார். அவ்வளவுதான், பிடித்தது மோகம்! மின்சாரம் கசியாமல் காக்கும் குணமும், கடல் நீரில் கெடாத குணமும் இதற்கு உண்டு என்று கண்டறிந்தார்கள். கடலடியில் தந்திக் கம்பி போட இதைவிட நல்ல உறை அப்போது உலகத்தில் இல்லை. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, 1866-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு என்று கம்பிகள் நீண்டன. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே செய்தி பறந்தது மலாயாக் காட்டு மரப்பாலின் தயவினால்தான்.

ஆனால் தாபான் பால் ரப்பர் பாலைப் போல நிற்காமல் வடியாது. கீறிய இடத்திலேயே சீக்கிரம் உறைந்துவிடும். மெல்ல மெல்ல எடுக்க வியாபாரிகளுக்குப் பொறுமை ஏது? மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடிமரம் நெடுகிலும் வளையம் வளையமாகப் பட்டையை அறுத்து, இருக்கிற பாலை ஒரேயடியாக எடுத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து 1845-இல் ஏற்றுமதியானது 169 பிக்குல். இரண்டே ஆண்டில், 1847-இல், அது 9,000 பிக்குலைத் தாண்டியது. ஒரு பிக்குல் என்பது நூறு காத்தி, அதாவது ஏறத்தாழ 60 கிலோ. 1848-இன் நடுப்பகுதி வரை வெட்டப்பட்ட மரங்கள் சுமார் 270,000 இருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தீவில் சில ஆண்டுகளுக்குள் முதிர்ந்த தாபான் மரத்தைக் காண்பதே அரிதாயிற்று. பிறகு ஜொகூர், பகாங், பேராக், சுமத்திரா, போர்னியோ என்று கோடாலி நகர்ந்துகொண்டே போனது.

வெட்டியவர்கள் யார்? இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்களும் வெட்டினார்கள், சீனர்களும் வெட்டினார்கள், ஓராங் அஸ்லி மக்களும் வெட்டினார்கள். காட்டு வழி அறிந்தவர்கள் அவர்கள்தானே! உப்புக்கும், துணிக்கும், அரிசிக்கும், இரும்புக்கும் பண்டமாற்றாக அவர்களிடம் வியாபாரிகள் பால் கேட்டார்கள். வீட்டுத் தேவைக்கு எடுத்தபோது மரம் தழைத்தது. யாரோ முகம் தெரியாத ஒருவனின் தேவைக்கு எடுத்தபோது, அதே கைகளால் மரம் அழிந்தது. ஆகவே நல்லவர் கெட்டவர் என்பதல்ல பேச்சு. எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்கிறவர் மரத்தின் பக்கத்தில் வாழ்கிறவரா, இல்லை கடலுக்கு அப்பால் இருப்பவரா? அதைப் பொறுத்ததுதான் மரத்தின் ஆயுள்.

பின்னால் 1933-இல் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடலடிக் கம்பிக்குக் கட்டா பெர்ச்சா வேண்டாமென்று ஆயிற்று. இன்றைக்குப் பல் வைத்தியர் பல்லின் வேருக்குள் வைத்து அடைக்கும் பொருளில்தான் அந்தப் பழைய தாபான் பால் மிஞ்சியிருக்கிறது.

மரம் உண்டு, மண் இல்லை

தாபானுக்குப் பின் ரப்பர் வந்தது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் காடுகள் தோட்டங்களாயின. அந்தக் காட்டை வெட்டி, நெருப்பு வைத்து, குழி தோண்டி, கன்று நட்டவர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் ஏராளம். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். துரை சொன்னதைச் செய்தார்கள். அவர்கள்மேல் பழி சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர்கள் வெட்டிய காடுகளிலும் யாரோ ஒருவருடைய தாத்தா நட்ட டுரியான் நின்றிருக்கலாம். அதை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

பின்னர் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உதவி கிடைக்கக் கூடாது என்று ஓராங் அஸ்லி மக்களை மலையிலிருந்து இறக்கி, முள்வேலி போட்ட முகாம்களில் அடைத்தார்கள். வெக்கையும், பழகாத உணவும், நோயும் சேர்ந்து பலரைக் கொன்றன. அந்தத் தவறு தெரிந்த பிறகுதான் மலைக்காட்டிலேயே கோட்டைகள் அமைத்து அவர்களுக்கு மருந்தும் உதவியும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

1954-ஆம் ஆண்டு ஓராங் அஸ்லி மக்களுக்கென ஒரு சட்டம் வந்தது. இன்றும் நடப்பில் உள்ள அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவில் ஒரு விசேஷம் உண்டு. அரசாங்க நிலம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும்போது, அதிலுள்ள பழமரங்களும் ரப்பர் மரங்களும் தம்முடையவை என்று ஓராங் அஸ்லி சமூகம் நிலைநாட்டினால், அம்மரங்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். நல்லதுதானே என்கிறீர்களா? பாதிதான் நல்லது. மரம் அவர்களுடையது என்று சட்டம் ஒத்துக்கொண்டது. மரம் நிற்கும் மண்? அதைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை!

நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு

இந்தக் கேள்வி கடைசியில் நீதிமன்றப் படியேறியது. ஜொகூரில் லிங்கியு நீர்த்தேக்கம் கட்டியபோது ஜக்குன் மக்கள் தங்கள் மூதாதையர் காட்டை இழந்தார்கள். மரங்களுக்கு மட்டும் கொடுத்த தொகை போதாது என்று அடோங் பின் குவாவ் என்பவரும் அவர் கூட்டத்தாரும் வழக்குத் தொடுத்தார்கள். 1997-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 53,273 ஏக்கர் நிலத்தில் நடமாடும் உரிமையும், காட்டு விளைபொருளை எடுத்து வாழும் உரிமையும் அவர்களுக்கும் அவர்களின் வருங்காலச் சந்ததிக்கும் இருந்தது. அதை இழந்ததற்கு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு என்று தீர்ப்பு.

அடுத்தது சிலாங்கூர், டெங்கில், புக்கிட் தம்போய். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995-இல் தெமுவான் மக்களின் நிலத்தில் சுமார் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. மரத்துக்கும், பயிருக்கும், வீட்டுக்கும் பணம் தருகிறோம், நிலத்துக்கு இல்லை என்றார்கள். சகோங் பின் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, பயிரிட்டு, தங்கள் வழக்கப்படி நிலத்தைக் காத்து வந்ததை எடுத்துக் காட்டினார்கள். 2002-இல் உயர் நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது ஒன்றே: அந்த மண்ணிலும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஏட்டில் பட்டா இல்லாவிட்டாலும், வாழ்ந்த வாழ்க்கையே சாட்சி என்று ஆயிற்று. இன்று ஓராங் அஸ்லி கிராமங்கள் தங்கள் எல்லையைத் தாங்களே வரைபடமாக வரையும்போது பழைய பழமரங்களையும் மூதாதையர் கல்லறைகளையும் அடையாளமாகக் குறிக்கிறார்கள்.

போராட்டம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2018-இல் கிளந்தான் மாநிலம் குவா மூசாங் வட்டாரத்தில், காட்டை அழித்து டுரியான் தோட்டம் போடுவதை எதிர்த்துத் தெமியார் மக்கள் சாலையில் தடுப்புப் போட்டு நின்றார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசாங்கமே அவர்களுக்காக மாநில அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தது. விந்தையைப் பாருங்கள்! காட்டில் டுரியானைக் காத்து வந்தவர்களின் காட்டை, சந்தைக்கு டுரியான் வேண்டும் என்பதற்காகவே அழிக்க வந்தார்கள். தாபான் காலத்துக் கதைதான், மரம் மட்டும் வேறு. தொங்காட் அலி வேர் விஷயமும் அப்படியே. வேரைத் தோண்டினால் செடி சாகும். வைத்தியத்துக்கு ஒன்றிரண்டு எடுத்த காலத்தில் காடு தாங்கியது. கடைகடையாக விற்கத் தோண்டினால் எந்தக் காடு தாங்கும்?

நமக்கு இதில் என்ன?

"இதெல்லாம் அவங்க கதை, நமக்கு என்ன சார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நாமும் மரம் நட்டவர்கள். லயத்து வீட்டின் பின்னால் முருங்கை, வாழை, மா, கறிவேப்பிலை. கோயிலடியில் வேம்பும் அரசும். நட்டது நம் கை, மண் வேறொருவருடையது. தோட்டத் துண்டாடல் வந்தபோதும், பின்னர் தோட்டங்கள் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் கைமாறியபோதும், மரங்களை விட்டுவிட்டு மூட்டை கட்டியவர்கள் எத்தனை குடும்பங்கள்! அந்த முருங்கைக்கு யார் இழப்பீடு கொடுத்தார்? அந்த வலியை அறிந்துதான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்து பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்துத் தோட்டம் வாங்க வழி செய்தார். மண் இல்லாதவனுக்கு மரமும் நிலைக்காது என்பது நமக்குப் பட்டறிவு. அதனால் ஓராங் அஸ்லி மக்களின் வழக்கை மற்றவர்களைவிட நாம் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும், புரிந்துகொள்ளவும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, அந்த மக்களை அவர்களுக்குரிய பெயரால் மரியாதையாக அழையுங்கள்; கேலி வேண்டாம். இரண்டு, ஈப்போ, கம்பார், கெப்போங் என்று ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போது, அதில் மரமோ, ஆறோ, மனிதரோ மறைந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். மூன்று, நம் பள்ளியைச் சுற்றியும் உங்கள் வீட்டைச் சுற்றியும் நிற்கும் மரங்களை நட்டவர் யார், எந்த ஆண்டில், எதற்காக என்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்; பிறகு கேட்க ஆள் இருக்காது.

பெற்றோர்களே, அடுத்த முறை மலைச்சாலை ஓரத்தில் பெத்தாய்க் கட்டு வாங்கும்போது, "காட்டுல சும்மா கெடைச்சதுதானே" என்று விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். அதற்குப் பின்னால் மரம் ஏறியவரின் உழைப்பும், மரத்தை வெட்டாமல் விட்டுச் சென்ற முன்னோரின் கட்டுப்பாடும் இருக்கின்றன. கேட்ட விலையைக் கொடுத்து, ஒரு வார்த்தை நன்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.